வெலின் பேட்கோவின் ஐந்து மாதங்கள்

எங்கள் பொருளாதாரத் துறையில் பணக் கொள்கைப் பாடத்தை வெலின் பேட்கோவ் முப்பத்தோரு வருடமாக நடத்திவந்தார். அதில் இருபத்தெட்டு வருடம் எங்கள் நாட்டுக்குப் பணக் கொள்கை என்று ஒன்று கிடையாது. தொண்ணூற்றேழில் எங்கள் நாணயமான லெவாவைக் கொண்டுபோய் ஜெர்மனிக்காரனுடைய மார்க்கோடு முடிச்சுப் போட்டார்கள். மார்க் போய் யூரோ வந்தபோது அதே முடிச்சை யூரோவில் போட்டார்கள். எங்கள் மத்திய வங்கியால் இஷ்டத்துக்கு ஒரு தாள் அச்சடிக்க முடியாது, வட்டியில் கை வைக்க முடியாது. மாடு எங்கள் ஊர் ருசேயில் மேய்ந்தது, மூக்கணாங்கயிறு ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்தது.

"கடல் இல்லாத ஊர்ல கப்பலோட்டச் சொல்லிக் குடுக்குறீங்க சார்" என்பேன்.

"டான்யூப் ஆறு இருக்கே, பெப்பா" என்பார் அவர். சிரிக்கக்கூட மாட்டார், அவ்வளவு அலுப்பு.

நான் அந்தத் துறையின் செயலாளர். வகுப்பறைச் சாவி, முத்திரை, தேர்வுத் தாள், கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் என் மேசையில். முப்பத்து மூன்று வருடத்தில் பல பேராசிரியர்களைப் பார்த்துவிட்டேன். பாதிப் பேருக்குத் தங்கள் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது, எனக்குத் தெரியும், தட்டச்சு செய்தவள் நான்தானே. வெலின் அப்படியில்லை. தன் தாள்களைத் தானே அடிப்பார், ஒரு காற்புள்ளிக்காக இரண்டு நாள் உட்காருவார்.

அவருடைய வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் ஏற்றினால், ருசேயில் ரொட்டி விலையில் அது எத்தனை மாதம் கழித்துத் தெரியும்? இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் அந்த மனிதர் தன் தலைமுடியையெல்லாம் கொடுத்தார். தொண்ணூற்றைந்து முதல் ஒவ்வொரு மாதமும் வட்டி, விலைவாசி, டாலர் மார்க் விலை, வெளியிலிருந்து வந்த பணம், வெளியே போன பணம் என்று நிரல் நிரலாக அடுக்கி வைத்திருந்தார். அரசாங்கம் தந்த பழைய புள்ளிவிவரத்தில் நம்பிக்கை போதாமல், மாதத்தின் முதல் சனிக்கிழமை தானே சந்தைக்குப் போய் ரொட்டி, சூரியகாந்தி எண்ணெய், வெள்ளைப் பாலாடை மூன்றுக்கும் விலை கேட்டு எழுதி வருவார். எதையும் வாங்க மாட்டார். சந்தைக்காரிகள் அவருக்கு "கேட்டுட்டுப் போறவர்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவருடைய விடை ஒன்பது மாதம். ஒன்பதே மாதம், பிள்ளை பெறுகிற கணக்கு என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

இத்தனை செய்தும் அவர் டோசென்ட்தான், பேராசிரியருக்கு ஒரு படி கீழே. இருபத்தாறு வருடமாக அதே படியில் நின்றார். மூன்று முறை பேராசிரியர் பதவிக்கு அறிவிப்பு வந்தது, மூன்று முறையும் யாரோ ஒருவருடைய மைத்துனர் ஏறிப்போனார். இரண்டாயிரத்து இருபத்தைந்து இலையுதிர் காலத்தில் நாலாவது அறிவிப்பு வந்தபோது அவருக்கு அறுபத்து நாலு வயது. அடுத்த வருடம் டோசென்டாக ஓய்வு பெற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். பேராசிரியர் என்றால் இன்னும் சில வருடம் நீட்டித்துத் தருவார்கள். வெலினுக்கு வீட்டுக்குப் போக விருப்பமில்லை. வீடு இரண்டே அறை. அதில் அவர், மனைவி தென்கா, தென்காவின் அப்பா ராங்கெல் என்று மூன்று பேர் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறார்கள்.

ஏன் இரண்டே அறை என்பதைத் தென்கா எனக்கு ஒருமுறை சொன்னாள். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். என் இடுப்பை எடுக்கப் போன நாளில், படம் காய்கிற நேரத்தில், வேறு யாரோ குடும்பத்துக் கதையைப் போலச் சொல்லிவிட்டாள்.

ராங்கெல் டான்யூபில் சரக்குப் படகு ஓட்டிய கேப்டன். வியன்னாவுக்கும் கீழே கருங்கடலுக்கும் போய்வந்து, படகுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பதினோராயிரம் டாலர் சேர்த்து வைத்திருந்தார். மகளுக்கும் மருமகனுக்கும் அதே கட்டடத்தில் ஒரு வீடு வாங்குவதற்கான பணம் அது. தொண்ணூற்றாறு இலையுதிர் காலத்தில் லெவா தள்ளாடிக்கொண்டிருந்தது. வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. லெவாவைக் காப்பாற்ற வட்டியை வானத்துக்கு ஏற்றினார்கள். ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட டாலரைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வெலினுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, கையில் புத்தம்புது முனைவர் பட்டம். மாத வட்டி இருபது சதவீதம், விலைவாசி ஏறுவது அதைவிடக் குறைவு, ஆகவே லெவாவில் வைப்பவன்தான் ஜெயிப்பான் என்று கணக்குப் போட்டார். இவ்வளவு வட்டி கொடுக்கிற பணத்தை விட்டு ஜனங்கள் ஓட மாட்டார்கள் என்று அவருடைய சமன்பாடு சொன்னது. அப்படி ஒரு சமன்பாட்டை நம்பி மாமனார் பணத்தை வைக்கச் சொல்ல அந்த வருடம் இந்த நாட்டில் ஒரு பொருளாதார டாக்டரால்தான் முடியும்.

"நாலு மாசம் போடுங்கப்பா, இன்னொரு அறையும் சேத்து வாங்கலாம்" என்றாராம். எங்கள் பக்கம் மருமகனும் மாமனாரை அப்பா என்றுதான் கூப்பிடுவான்.

ராங்கெல் அக்டோபரில் டாலரை மாற்றி லெவாவாகப் போட்டார். பிப்ரவரிக்குள் டாலர் இருநூற்று முப்பதிலிருந்து மூவாயிரத்துக்குப் போனது. ரொட்டிக்கு வரிசை நின்றோம், சம்பளம் ஒரு வாரப் பாலுக்கு ஆனது. எடுக்கப் போனபோது பதினோராயிரம் டாலர் ஆயிரத்து எண்ணூறாகத் திரும்பியது. ஜன்னல் அடைக்கவும் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடவும் அது செலவானது.

"அப்பா ஒரு வார்த்தை கேக்கல" என்றாள் தென்கா. "இவரும் ஒரு வார்த்தை சொல்லல. அன்னையிலிருந்து வீட்டுல பணத்தைப் பத்திப் பேச்சே கிடையாது. அப்பாவுக்கு ஓய்வூதியத்துல ஏதாவது சந்தேகம்னா கீழ்வீட்டுக் கம்பவுண்டரைக் கேப்பாரு. இவரு பக்கத்து நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருப்பாரு."

படம் காய்ந்துவிட்டது. என் இடுப்புக்கு ஒன்றுமில்லை என்றாள்.

அதற்குப் பிறகுதான் வெலினுடைய நிரல்களில் ஒன்று எனக்குப் புரிந்தது. எல்லா மாதத்துக்கும் பூஜ்யம் போட்டு, தொண்ணூற்றாறு அக்டோபரிலிருந்து தொண்ணூற்றேழு பிப்ரவரி வரை ஐந்து மாதத்துக்கு மட்டும் ஒன்று போட்ட ஒரு நிரல். போலி மாறி என்பார்கள். எல்லோரும் செய்கிற காரியம்தான், போர் வந்த வருடத்துக்கும் வெள்ளம் வந்த வருடத்துக்கும் போடுவார்கள். அதைப் போட்டால் சமன்பாடு அந்த மாதங்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அவருடைய எல்லாக் கட்டுரையிலும் அது இருந்தது. அடிக்குறிப்பில் ஒரே வரி: "விதிவிலக்கான மாதங்கள்."

செப்டம்பரில் ஒருநாள் இயந்திரக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பேராசிரியர் பட்டம் வரட்டும் பெப்பா. வந்ததும் கிழவர்கிட்டப் பேசிரணும். அவருக்கு எம்பத்தெட்டு ஆச்சு."

"என்ன பேசணும்?"

"உனக்குத் தெரியும். தென்கா சொல்லியிருப்பா."

"மன்னிப்புக் கேக்குறதுக்குப் பட்டம் எதுக்கு சார்?"

"தெரியாம உளறுனவன் கேக்குறது வேற. இன்னைக்கு இந்த விஷயத்துல இந்த ஊர்லயே தெரிஞ்சவன்னு பேர் வாங்கினவன், அன்னைக்கு நான் தப்புன்னு சொல்றது வேற. அவருக்கும் அதுல ஒரு மரியாதை இருக்கும்."

"ஒரு வித்தியாசமும் இல்ல. இன்னைக்குச் சாயங்காலமே போய்ச் சொல்லுங்க."

காப்பி ஆறிவிட்டது என்று எழுந்து போனார். எனக்குக் கோபம் வந்தது. அறுபத்து நாலு வயது மனிதன், வாயைத் திறக்க ஏழு பேர் கொண்ட தேர்வுக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்கிறான்.

குழுவில் ஏழு பேர். ஆறு பேர் எழுதிய மதிப்புரை, போன முறை யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியது. ஏழாவது, தலைநகர் சோபியாவிலிருந்து வந்த பேராசிரியை மந்தோவா. அந்த அம்மாள் முழுவதையும் படித்திருந்தாள், அதுவே எங்கள் பக்கம் அபூர்வம். எதிர்த்து எழுதியிருந்தாள். ஐந்து மாதத்துக்குப் போட்ட ஒன்றை எடுத்துவிட்டால் ஆசிரியரின் சமன்பாடு நிற்கவில்லை, நானே ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில்: "வட்டி விலைக்கு வருவதைச் சொல்லும் நூல், மக்கள் ஏன் தங்கள் பணத்தை விட்டு ஓடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஓடிய ஒரே தடவையை வெளியே நிறுத்திவிட்டார். நோயாளியை வாசலில் உட்காரவைத்துவிட்டு வைத்தியம் பலித்தது என்கிறார்."

வெலின் அதை என் மேசையருகே நின்றபடியே படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார். அவ்வளவுதான்.

குழுத் தலைவர் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "பெப்பா, உங்க ஆளு அங்க விவாதம் கிவாதம் பண்ணாமப் பாத்துக்க. ஆறு ஓட்டு இருக்கு. வழக்கமான வரியைச் சொல்லட்டும், சாப்பிடப் போகலாம்."

வழக்கமான வரி என்றால் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். எதிர்த்துக் கேட்டவருக்கு நன்றி, கருத்தை ஏற்கிறேன், என் வருங்கால ஆய்வில் கவனத்தில் கொள்வேன். அவ்வளவுதான். அதைச் சொன்னால் கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிடுவார், மேற்கொண்டு கிண்டுவது நாகரிகமில்லை. முப்பத்து மூன்று வருடமாகக் குறிப்பில் இந்த வரியை நான் எழுதியிருக்கிறேன். வருங்கால ஆய்வு என்று ஒன்றை யாரும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. பதற்றத்தில் வரி மறந்துபோகக் கூடாதென்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது என் பழக்கம். வெலினுக்கும் கொடுத்தேன். கொடுத்தது நான்தான், அதை மறைக்கப் போவதில்லை.

நவம்பர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அமர்வு. பொது அமர்வு என்று சட்டம் சொல்கிறது, ஆனால் பொதுமக்கள் என்று யாரும் வந்ததில்லை. அன்று வந்தார்கள். தென்கா முன் வரிசையில் உட்கார்ந்தாள். ராங்கெல் கேப்டன் கோட்டுப் போட்டுக்கொண்டு, பித்தளைப் பொத்தானெல்லாம் துடைத்து, மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்தார். மூடுபனியில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர், இருந்தும் ஒலிபெருக்கிக்கு நேரே இடம் பார்த்து உட்கார்ந்தார்.

வெலின் இருபது நிமிடம் பேசினார். ஒன்பது மாதம் வந்தது, திரையில் வரைபடம் வந்தது. மந்தோவா எழுந்தாள். குள்ளமான அம்மாள், குரல் மட்டும் நிதானமாகக் கணீரென்று இருந்தது.

"டோசென்ட் பேட்கோவ், நான் எழுதினதைத் திருப்பிச் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த அஞ்சு மாசம் என்ன நடந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க? உங்க சமன்பாடு இல்ல. நீங்க. அப்போ இங்கதானே இருந்தீங்க."

நான் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தேன். அப்படியொரு கேள்வியை இந்தக் கூடத்தில் நான் கேட்டதில்லை, எதிரிகூட இவ்வளவு மரியாதையாகக் கதவைத் திறந்துவிட மாட்டான். வெலின் வாயைத் திறந்தார். எங்கேயோ கூடத்துக்குள் பார்த்தார். அப்புறம் குனிந்து நான் கொடுத்த சீட்டைப் பார்த்தார்.

"மதிப்புக்குரிய பேராசிரியை மந்தோவாவுக்கு நன்றி. அவை விதிவிலக்கான மாதங்கள். கருத்தை ஏற்கிறேன். என் வருங்கால ஆய்வில் கவனத்தில் கொள்வேன்."

மந்தோவா இன்னும் ஒரு நொடி நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். ஆறுக்கு ஒன்று. பேராசிரியர் ஆனார்.

விருந்து ஆற்றோரக் கடையில், மதியம். சுட்ட இறைச்சி, தக்காளிச் சாலட், பிளம் பழச் சாராயமான ரக்கியா. குழுத் தலைவர் மூன்று முறை கிண்ணத்தைத் தூக்கினார். வெலினுக்கு முகம் கொஞ்சம் சிவந்து, நான் அவரைப் பார்த்ததிலேயே அன்றுதான் இளமையாக இருந்தார். மந்தோவா ரயிலுக்கு நேரமாச்சு என்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். ராங்கெல் நன்றாகச் சாப்பிட்டார், வாழ்த்துகளுக்கெல்லாம் தலையசைத்தார். வெலின் அவர் பக்கம் சாய்ந்து சொன்னதை நான் கேட்டேன்.

"அப்பா, ஜனவரியில லெவா போயி யூரோ வருது. நீங்க வீட்டுல வெச்சிருக்கீங்கள்ல, அதை நான் கூட்டிட்டுப் போய் மாத்தித் தரேன். நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. இது சட்டம், விகிதம் மாறாது."

"பாப்போம்" என்றார் ராங்கெல், ரொட்டியைப் பிட்டுக்கொண்டே.

அவ்வளவுதான் பேச்சு. மற்றதை வெலின் அன்றும் பேசவில்லை, டிசம்பரிலும் பேசவில்லை. நான் ஒருமுறை கேட்டேன். "பண்டிகை முடியட்டும்" என்றார். கதவில் புதுப் பெயர்ப் பலகை வந்தது. சம்பளத்தில் கொஞ்சம் ஏறியது. பணக் கொள்கை வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள், லெவாவும் போகப்போகிறது என்றதும் எட்டாகக் குறைந்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை சந்தைக்கு மட்டும் தவறாமல் போனார்.

ஜனவரி இரண்டாவது வாரம் நான் வங்கியில் வரிசை நின்றேன். ஒரு யூரோவுக்கு ஒன்று புள்ளி தொண்ணூற்றைந்து ஐந்து எட்டு மூன்று லெவா என்ற விகிதத்தை எங்கள் ஊர்க் குழந்தையைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஆனாலும் வரிசையில் ஆளாளுக்கு ஒரு பயம். எனக்கு நாலு பேர் முன்னால் ராங்கெல், கேப்டன் தொப்பியோடு, மார்புப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். ஒன்றரை மணி நேரம். மாற்றி வாங்கிக்கொண்டு வெளியே போகாமல் எனக்காகச் சுவரோரம் காத்திருந்தார்.

"பெப்பா, கொஞ்சம் பாரும்மா. இவ்வளவு குடுத்தேன், இவ்வளவு வந்திருக்கு. சரியா இருக்கா?"

"கேப்டன், வீட்டுல பேராசிரியரை வெச்சுக்கிட்டு என்கிட்டக் கேக்குறீங்களே."

சும்மா விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பணம் போனது பெருசில்லம்மா. ஊருக்கே போச்சு. நான் போட்டது நானா யோசிச்சுப் போட்டது, அவன் கழுத்தைப் பிடிக்கல. ஆனா தப்புன்னு அவன் வாயால ஒரு தடவை வருமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வீட்டுல வராது, புரியுது, மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அன்னைக்கு அந்த அம்மா கேட்டுச்சுல்ல, நீங்க இங்கதானே இருந்தீங்கன்னு. இப்போ சொல்லிருவான்னு உக்காந்திருந்தேன். அதுக்குத்தான் பொத்தானைத் துடைச்சுப் போட்டுட்டு வந்தேன்."

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் பணத்தை உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டார், பஸ்ஸுக்குப் போனார்.

துறைக்குத் திரும்பினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் வெலினின் அறைக்குப் போனேன். அடுத்த வகுப்புக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"வரிசை பெருசா?" என்றார்.

"உங்க மாமனார் நின்னாரு. மாத்திட்டு என்கிட்டக் கணக்குப் பாக்கச் சொன்னாரு."

பேனாவை வைத்தார். "சரியா இருந்துச்சா?"

"ஒரு சென்ட் குறையல."

"நல்லது."

அத்தோடு விட்டிருப்பேன். அந்த "நல்லது" என்னை விடவில்லை. வங்கிச் சுவரோரம் கேட்டதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன், பொத்தான் துடைத்தது வரைக்கும். மூடி வைத்துக்கொள்வது நல்லதா கெட்டதா என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

"தெரியும் பெப்பா" என்றார். "அந்தம்மா கேட்டப்போ நான் அவரைத்தான் பாத்தேன். அவர் தலையை ஆட்டுனாரு. சொல்லுங்கற மாதிரி."

வகுப்புக்கு மணி அடித்தது. மூன்றாம் மாடியில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர் குறிப்புகளை எடுத்துக்கொண்டு படியேறினார்.